தேதி போட்ட கல்வெட்டு

நாங்கள் நாலு பேர் மாமல்லபுரம் போனது சிற்பம் பார்க்க இல்லை. எங்களில் ஒருவனுக்குப் பரீட்சை என்றால் பயம், மற்ற மூவருக்கு வேலை வெட்டி கிடையாது, அவ்வளவுதான்.

பயந்தவனுக்குப் பழையசீவரத்தில் மாமன் மகள் காத்திருந்தாள். "பாக்கி கீற பேப்பரை எழுதி முட்சிடு மாப்ளே, மாசியில கண்ணாலம் வச்சிக்கலாம்" என்று மாமா சொல்லியிருந்தார். அந்தப் பேப்பர் அன்றைக்குத்தான். அம்மா நெற்றியில் திருநீறு பூசி அனுப்ப, ஜியாமெட்ரி பாக்ஸும் கையுமாகக் காஞ்சிபுரம் பஸ் ஏற வேண்டியவன், எங்களோடு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிவிட்டான்.

பல்லவர் காலத்துப் பாறையை ஒரு பன்னீர் சோடா தீரும்வரை பார்த்தோம். எங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவரிலும் சோழர் காலத்து எழுத்து உண்டு. ஊர்ச்சபைக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது என்று ஆண்டு, நாளோடு வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு வரி படிக்கத் தெரியாது. வெளியூரில் மட்டும் அதைச் சொல்லி மீசையை முறுக்குவோம்.

பரீட்சைக்காரன் பாக்ஸைத் திறந்து காம்பஸை எடுத்தான். ஒரு மூலைப் பாறையில் இனிஷியல், பெயர், ஊர் எல்லாம் கீறினான்.

"போதும் வாடா, பசிக்கிது."

"இரு நைனா. தேதி போடாத கல்வெட்டு இன்னா கல்வெட்டு? நாம எந்த ஊர்க்காரங்க?"

தேதியும் போட்டான். நாங்கள் கைதட்டினோம். நாலு பேருக்கும் சேர்த்துக் கால் மூளைதான் இருந்தது.

பரீட்சை பிரமாதம் என்று மாமாவிடம் அளந்தான். காணும் பொங்கலுக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு மாமல்லபுரம் போவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா குடும்பமும் போனது. நிழல் தேடி உட்கார்ந்தது அந்த மூலையில்.

மறுநாள் மாமா வந்தார். எங்கள் எதிரிலேயே கேட்டார்.

"பரீட்சை அன்னிக்கி எங்க இருந்தே?"

"காஞ்சிபுரத்துல, மாமா."

"பொண்ணுதான் மொதல்ல படிச்சா. சோத்த அப்டியே வச்சிட்டா. பெயிலாயிருந்தாகூடக் குடுத்திருப்பேன். இப்ப எத்த நம்பிக் குடுக்கறது?"

மாசியில் அவளைத் தென்னேரியில் கட்டிக்கொடுத்தார்கள். வெட்கம் கெட்ட நாங்கள் மூவரும் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தோம். அவன் வரவில்லை. அதே காம்பஸோடு மாமல்லபுரம் போய்த் தேதியைச் சுரண்டியிருக்கிறான். ஊசிதான் உடைந்தது.