அண்ணன் கேட்காத சாவு

பீச் ஸ்திரீட்டில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த அண்ணனின் வலது கால் செருப்பு கழன்று நடுத்தெருவில் கிடந்தது. அவர் பாட்டுக்கு நடந்தார். கூப்பிட்டுச் சொன்னேன். குனிந்து காலைப் பார்த்து, "எப்படா போச்சு?" என்றார். நாக்கு குழறியது. வேலை பார்க்கும் கிடங்கின் வாசலைத் தொடுவதற்குள் விழுந்துவிட்டார்.

பாரிசவாயு (மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் விழுந்துபோவது) என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. மூன்று வாரம் கழித்துப் பெரிய டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இனி ஒரு வாரமும் இருக்கலாம், ஒரு வருஷமும் இருக்கலாம் என்றார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எதற்கும் பயப்படுகிறவன். ஒரு வாரம் என்றால் அதற்கு ஒரு பயம், ஒரு வருஷம் என்றால் அதற்கு வேறு பயம். அவர் தூங்கும்போது மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சு வந்தால் நிம்மதி. கொஞ்ச நேரத்தில் அந்த மூச்சே பாரமாகிவிடும். வீட்டில் நோயாளி உள்ளவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

இரண்டாம் மாதம் முதுகில் படுக்கைப் புண் (ஒரே பக்கம் கிடப்பதால் சதை அழுகுவது) வந்தது. கட்டுப்போட ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வருவார். தொட்டால் அண்ணன் அலறுவார். ஒருநாள் டிரெஸ்ஸரை மாடிப்படிவரை கொண்டுபோய்விட்டு மெல்லக் கேட்டேன்.

"ஐயா, ஒரேயடியா அடங்குற மாதிரி ஊசி ஏதும் உண்டா?"

அவர் பையை மூடினார். "நீங்க கேட்டது என் காதுல விழல. சட்டப்படி அது கொலை."

"அவரு படுற பாட்டப் பாருங்கய்யா."

"சீமையில இதுக்கு ஒரு சட்டம் வேணும்னு கொஞ்சப் பேரு பேசுறாங்களாம், பேப்பர்ல போட்டிருக்கான். அதுலகூட நோயாளியே கேட்டுக் கையெழுத்துப் போடணும். உங்க அண்ணன் கேட்டாரா?"

"அவருக்குத்தான் பேச்சே வரலையே."

"பேச்சு வரலன்னா கேட்கலன்னுதான்யா அர்த்தம்."

அவர் சொன்னதில் 'சீமையில' என்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். படித்த வெள்ளைக்காரனே யோசிக்கிறான் என்றால் நான் நினைப்பது பாவமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கீழே குடியிருந்த பேச்சியக்கா எங்கள் ஊர்ப்பக்கத்தவள். "நீ கவலப்பட்டே அவருக்கு முந்திப் போயிருவ போல. நம்ம பக்கம் இப்படி இழுக்க விடமாட்டோமே தம்பி" என்றாள். எனக்குப் புரிந்தது. அங்கே 'தலைக்கு ஊற்றுவது' என்று ஒரு வழக்கம் உண்டு. இனிப் பிழைக்கமாட்டார் என்று வீடு முடிவுசெய்த ஆளுக்கு எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீர் புகட்டுவார்கள். இரண்டொரு நாளில் அடங்கிவிடும். யாரும் அதைக் கொலை என்று சொல்வதில்லை. எங்கள் அப்பாவுக்கு ஊற்றியது அண்ணன்தான்.

சனிக்கிழமை காலை. எண்ணெய் தேய்க்கும்போது அண்ணன் சுகமாகக் கண்ணை மூடி, தலையை என் உள்ளங்கையில் சாய்த்துக் கொடுத்தார். பேச்சியக்கா தண்ணீரை ஊற்றியதும் நடுங்கினார். நான் இளநீரை உதட்டருகே கொண்டுபோனேன். கண்ணைத் திறந்து தம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். இடது கை எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அக்கா, அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்னத்தத் தெரியும்? ஊத்துடா."

"தெரியுதுக்கா. முகத்தப் பாருங்க."

பார்த்தாள். கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். "தொடச்சு விடு. இந்தப் பாவத்துக்கு நான் வரல" என்று இறங்கிப் போய்விட்டாள்.

அன்றே சளிக்காய்ச்சல் கண்டது. மழையில் நனைந்துவிட்டார் என்று டிரெஸ்ஸரிடம் பொய் சொன்னேன். "மாடியில படுத்திருக்கிறவர் மேல மழையா?" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. ஒன்பது நாள் அவரைச் சாகவிடக் கூடாது என்று நான் பட்ட பாட்டை வெளியே சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பிழைத்தார். புண் ஆறத் தொடங்கியது. நாலாம் மாதம் கட்டை இறுக்கிய டிரெஸ்ஸரை, முதல் தெளிவான வார்த்தையாக, அச்சில் போட முடியாத ஒன்றைச் சொல்லித் திட்டினார். "சபாஷ், ஆளு தேறிட்டாருலா!" என்று டிரெஸ்ஸர் சிரித்தார். இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார்.

அப்படி ஒரு சட்டம் வரலாமா, கூடாதா என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. உண்மையாகவே கேட்கிற நோயாளிகள் இருக்கலாம். எங்கள் அறையில் கேட்டது நான்தான். தாங்க முடியாமல் போனது என் பயம். அதற்கு அவருடைய வேதனை என்று பெயர் வைத்தேன்.

அந்தக் காலையைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கஞ்சியோ கோப்பியோ எது கொடுத்தாலும் உடனே வாங்கமாட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு வாய் குடிக்க வேண்டும். அது என் தொண்டைக்குள் இறங்கும்வரை பார்த்துவிட்டு, பிறகு கை நீட்டுவார். எனக்கு இப்போது காலை, மதியம், சாயங்காலம் என்பதெல்லாம் இந்த மூன்று விழுங்கல்தான்.