பூஜை நாளில் மாற்றிய சாப்ட்வேர்

ஊரோடு ஒத்து வாழ் என்று எனக்குச் சொல்லாதவர் எங்கள் மலேசிய ஊரான கூலாயில் இல்லை. அதைக் கேட்டிருந்தால் என் மூன்று மெஷின்களும் சும்மா சூடாகிக்கொண்டு கிடந்திருக்கும்.

அவை இரவும் பகலும் கணக்குப் போட்டு கிரிப்டோ என்ற இணைய நாணயத்தை எடுக்கும் மெஷின்கள். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் ஆறு வருடம் நின்றுகொண்டே வேலை செய்து வாங்கியவை. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கொட்டகையில் எட்டுப் பேருடைய மெஷின்களோடு சேர்த்து வைத்திருந்தேன். கொட்டகைக்காரரை எல்லோரும் அங்கிள் என்போம். அவருடைய ஒரே கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டுத்தான் எல்லா மெஷினும் ஓடும்.

அந்த நாணயத்தின் விதிகள் ஒரு சனிக்கிழமை மாறப்போவதாக அறிவிப்பு வந்தது. அதற்குள் கம்ப்யூட்டரில் புது சாப்ட்வேர் போடவேண்டும். போடாதவர்கள் அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் உலகத்தில் யாரும் ஏற்கமாட்டார்கள். ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்தேன். "ஓடுற மெஷின எதுக்குமா நோண்டுற?" என்பார் அங்கிள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை ஆயுத பூஜை. வருடத்தில் மெஷின்கள் நிற்கும் ஒரே நாள். பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து முடிந்ததும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"அலமாக்! பூஜைக்கு வச்சத இன்னைக்குத் தொடுவாங்களா?" என்று பதறினார் அங்கிள்.

"சரி அங்கிள், நாளைக்கு மாத்தலாம்."

"நாளைக்கு நல்ல நேரம் பார்த்து ஓட விடுறோம். ஓடவிட்டத உடனே நிறுத்துவாங்களா? அபசகுனம் லா."

இன்று தொடக்கூடாது, நாளை நிறுத்தக்கூடாது. சனிக்கிழமை விடிந்தால் எல்லாம் வீண். எட்டுப் பேரும் பொரியை மென்றுகொண்டு தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரஸ்வதிக்குக் கும்பிடு போட்டுவிட்டு, படித்ததைச் செய்ய மாட்டார்களாம்!

"அப்ப என் மெஷின நான் எடுத்துக்கிறேன்" என்றேன்.

"எடுத்துட்டுப் போனா திரும்ப இங்க வரக்கூடாது" என்றார் அங்கிள்.

குங்குமப் பொட்டோடு மூன்றையும் காரில் ஏற்றினேன். அன்றைக்கே, பூஜை நாளிலேயே, என் பழைய லேப்டாப்பில் புது சாப்ட்வேரைப் போட்டு வீட்டுக் கூடத்தில் ஓடவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கிள் போன் செய்தார். கொட்டகையில் ஒரு நாளாக எடுத்த எதையும் யாரும் ஏற்கவில்லை.

"வந்து மாத்திக் குடுத்துட்டுப் போமா."

"வர்றேன் அங்கிள். ஆனா உங்க ஒரு கம்ப்யூட்டர மட்டும் மாத்தமாட்டேன். ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கட்டும். எப்ப மாத்தணும்னு அவங்கவங்க முடிவு பண்ணட்டும்."

"என் கொட்டகையில நீ சட்டம் போடுறியா?" என்று போனை வைத்துவிட்டார். நானும் திரும்பக் கூப்பிடவில்லை.

மறுநாள் மாலைக்குள் பொரி மென்ற எட்டுப் பேரும் ஆளுக்கொரு லேப்டாப்போடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கடைசியாக அங்கிளும் வந்தார். கையில் அந்தக் கம்ப்யூட்டர். மாற்றிக் கொடு என்று கேட்கவில்லை.

"எப்படிப் போடுறதுன்னு சொல்லு. நானே போடுறேன்" என்றார்.

வரிசையில் உட்காரச் சொன்னேன். ஒன்பதாவது ஆளாக.