சாயங்காலக் கால்கள்

எனக்கு இரண்டு ஜோடிக் கால்கள் இருந்தன. காலையில் ஒன்று, சாயங்காலத்தில் ஒன்று.

காலைக் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் மாடியிலிருந்து இறங்கி, மெயின் ரோடு வரை நடந்து, கம்பெனி வேனில் ஏறி, தட்டாஞ்சாவடியில் ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போய், நின்றுகொண்டே சோப்பு அட்டைப்பெட்டி மடிக்கும். மூன்று மணிக்கு மேல் சாயங்காலக் கால்கள் வந்துவிடும். இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். குதிகால் தரையில் படாது. முட்டி கம்பு மாதிரி விறைக்கும். ஐந்து மணிக்கெல்லாம் சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம் வரை போக முடியாது. ராத்திரி படுத்து எழுந்தால் மறுபடியும் காலைக் கால்கள். ஆறு வயதிலிருந்து நாற்பத்தெட்டு வயது வரை இப்படித்தான்.

எங்கள் வீட்டில் இதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. அம்மா இதற்குச் சாயந்திரச் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தாள். அவளும் சும்மா இருக்கவில்லை, இரண்டு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரி என்றால் விடியுமுன் எழுந்து, ஆறு மணிக்குச் சீட்டு வரிசையில் நின்று, ஒன்பது மணிக்கு டாக்டரைப் பார்ப்பது. டாக்டர் "நட" என்பார். நடப்பேன். "ஓடு" என்பார். ஓடுவேன். அவர் அம்மாவை ஒரு பார்வை பார்ப்பார். வெளியே வந்ததும் அம்மா என் முதுகில் ஒன்று வைப்பாள். ஒரு மணிக்கு ஓ.பி. மூடிவிடும். என் கால்கள் கெட்டுப்போவது அதற்குப் பிறகு.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நான் நடந்து வருவதைப் பார்க்கத் தெருவில் நான்கு பேர் நிற்பார்கள். அதனால்தானோ என்னவோ, பேச்சும் குறைந்துபோனது. ஒரு தடவை பெண் பார்க்கச் சாயங்காலம் வந்தார்கள். காப்பித் தட்டோடு நான் வந்த வரவில் காப்பியில் பாதி தட்டில்தான் இருந்தது. அடுத்து வருகிறவர்களைக் காலையில் வரச் சொல்லலாம் என்றார் அப்பா. வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கல்யாணம் ஆனால் சாயங்காலமும் அந்த வீட்டில்தானே இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை மூன்று மணிக்குள் முடிகிற வாழ்க்கை. தண்ணீர் பிடிப்பது, கடைக்குப் போவது, கோயிலுக்குப் போவது எல்லாம் அதற்குள். கம்பெனியில் எப்போதும் முதல் ஷிப்ட். இதில் பெரிய வருத்தம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். வெயிலோடு எழுந்து வெயிலோடு அடங்குகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர்.

இப்போது நான் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஒரே மகள். கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா. அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் தெருவில் எல்லோரும் இந்த அம்மாவை பிரெஞ்சு முறையில் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். சத்தம் ஆகாது அவருக்கு. அம்மியில் மிளகாய் அரைத்தால்கூடக் கீழிருந்து குரல் வரும். ஆனால் மாடியில் ஒரு குழந்தை இருந்தும் அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொல்லும்படி சத்தமே இல்லை. பாப்பா விரல்நுனியில்தான் நடப்பாள், பூனை மாதிரி.

அவளுக்கு ஆறு வயது. காலை, மாலை எந்நேரமும் குதிகால் தூக்கியபடியே நடப்பாள், நாலு எட்டு வைத்தால் விழுவாள். பிறக்கும்போதே மூளையில் ஏதோ அடிபட்டிருக்கும் என்றார் ஒரு டாக்டர். உறவுக்காரர்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. தம்பி மனைவி மாசமாக இருந்தபோது சந்திர கிரகணத்தன்று துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவளும் அதை நம்பினாள். பிள்ளை விழும்போதெல்லாம் அவள் முகம் மேலே, மொட்டை மாடிப் பக்கம் ஒரு தரம் போய்விட்டு வரும்.

எனக்கு வேறு ஒன்று தெரியும். சாயங்காலம் பாப்பாவின் இடது பாதம் திரும்புகிற கோணம் எனக்குத் தெரிந்த கோணம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு இடது பாதங்களும் ஒரே பக்கம் பார்க்கும். சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொன்னால், அந்தப் பிள்ளைக்கு இதைக் கொடுத்தது எங்கள் ரத்தம் என்றாகும். தம்பி என்ன நினைப்பான்? எல்லாவற்றுக்கும் மேல், வாயைத் திறந்து என் காலைப் பற்றி நானே பேச வேண்டும்.

போன வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பாப்பாவை ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். யாருக்கும் பெயர் தெரியாத பரம்பரை நோய்களுக்குக் காரணம் தேடுகிற இடம் அது. அங்கே ஒரு பெண் டாக்டர், முப்பது வயது இருக்கும். பாப்பாவுக்கும் அவள் அப்பா அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தார். ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. பாப்பாவின் வட்டம் மட்டும் கறுப்பு. பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்த என்னுடைய வட்டம் வெள்ளையாக இருந்தது.

சில மாதம் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். அதுவும் காலை பத்து மணிக்கு. அன்றைக்கும் பை தூக்கப் போனது நான்தான்.

"பாப்பாவோட ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கு. அதுதான் காரணமான்னு சொல்ல முடியல" என்றார் டாக்டர். "ஏன்னா அதே மாற்றம் அப்பாவுக்கும் இருக்கு. அவரு நல்லாத்தான் இருக்காரு. இதே மாற்றம் வேற எங்கயும் பதிவாகல. ஒங்க பக்கத்துல வேற யாருக்காச்சும் கால் கோளாறு உண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அது தெரிஞ்சா எந்த மருந்துன்னு தெரிஞ்சிடும்."

"யாருக்கும் இல்ல மேடம்" என்றான் தம்பி. அவன் பொய் சொல்லவில்லை. அக்காவுக்குச் சோம்பல், அவ்வளவுதான். சோம்பலை யார் டாக்டரிடம் சொல்வார்கள்?

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் தம்பியிடம், "நீங்க போங்க, நான் பஸ்ல வந்துட்றேன்" என்றேன்.

"இங்க இன்னாக்கா வேல ஒனக்கு?"

"இருக்கு."

என்னை அவன் அதற்கு மேல் கேட்க மாட்டான். கேட்டாலும் வராது என்று தெரியும்.

அறைக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். டாக்டர் மேலே பரிசோதனைக்கூடத்துக்குப் போய்விட்டு ஐந்து மணிக்கு இந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார் என்று வாட்ச்மேன் சொன்னார். பேச வராது. ஆனால் நடக்க வருமே. ஐந்து மணி நடையை அவருக்கு நடந்து காட்டினால் போதும்.

ஒரு மணிக்கு வராந்தா காலியானது. கேண்டீனில் எலுமிச்சை சாதம் வாங்கி வந்து அங்கேயே சாப்பிட்டேன். அதன் பிறகுதான் கஷ்டம். எனக்கு மத்தியானம் அரை மணி தூங்கினாலும் கால் கொஞ்சம் சரியாகிவிடும். அன்றைக்குச் சரியாகக் கூடாது. கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன். தரை துடைக்கிற அம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டு, "கொஞ்சம் சாஞ்சிக்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"வேணாம்மா. தூங்குனா கால் சரியாப் பூடும்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "சரியாப் போவத்தானம்மா எல்லாரும் இங்க வர்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்கம் போனது.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாயங்காலக் கால்களுக்காகக் காத்திருந்தேன். அவை தாமதிக்கவில்லை. மூன்றரைக்கு இடது பாதம் திரும்பியது. நான்கரைக்கு இரண்டு முட்டியும் விறைத்தன. நல்லது, இன்னும் கொஞ்சம், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் கைப்பையோடு படியிறங்கி வந்தார். நான் எழுந்தேன். வராந்தாவின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பத்தடி இருக்கும். முப்பது வருடமாக வெளியாள் கண்ணில் படாமல் வைத்திருந்த நடை. அதை அவருக்குக் குறுக்கே நடந்து காட்டினேன். பாதி தூரத்தில் ஒரு பாதம் இன்னொன்றில் தட்டி, டாக்டரின் கையையே பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"நீங்க காலையில பாப்பாவோட வந்தவங்கதானே? விழுந்துட்டீங்களா?"

"இல்ல மேடம். தெனமும் இந்நேரத்துக்கு இப்டித்தான். காலையில சரியாப் பூடும்."

"எப்பத்துல இருந்து?"

"பாப்பா வயசுல இருந்து."

டாக்டர் என்னைப் பிடித்தபடியே திரும்பி, பூட்டிய அறையை வாட்ச்மேனிடம் திறக்கச் சொன்னார். எங்கள் குடும்பத் தாளை எடுத்தார். என் வட்டத்துக்குள் பேனாவால் கறுப்புத் தீட்டினார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வாங்காத பரிசை வாங்கியது போல எனக்கு இருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உடம்பு அசைவதற்கு ஒரு சரக்கு தேவை. அதைச் செய்கிற ஜீன் எங்களுக்குப் பழுது, அதனால் கொஞ்சமாகத்தான் சுரக்கும். எங்கள் மாடித் தொட்டி மாதிரி. காலையில் நிரம்பும், சாயங்காலம் குழாயில் காற்று வரும். தூங்கினால் மறுபடி நிரம்பும். பாப்பாவுடைய தொட்டி இன்னும் சின்னது, காலையிலேயே காலி. நல்ல வேளையாக, அந்தச் சரக்கையே மாத்திரையாகக் கொடுக்கலாம்.

"தம்பிக்கு மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல?" என்று கேட்டேன். ஒரு டாக்டரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பெண்களுக்குத்தான் அதிகமா வெளிய தெரியுது. ஏன்னு முழுசாத் தெரியல. தேடிட்டுத்தான் இருக்கோம்" என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அவரை அதனால் இன்னும் பிடித்துப்போனது. என் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். அதிலும் அதே மாற்றம் இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

ஆட்டோவில் வீடு வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து மேலே ஏறினேன். தம்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கணக்கில் அது ஒரு வருடப் பேச்சு. அவள் கையில் தோசைக்கரண்டியோடு நின்றாள்.

"அப்ப கிரகணம் இல்லியா அண்ணி?"

"இல்லம்மா. எங்க வீட்டுதுதான்."

அவள் கீழே உட்கார்ந்து அழுதாள். அடுப்பில் தோசை தீய்ந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்து, "கேட்டியா? ஒங்க வீட்டுச் சொத்தாம். ஆறு வருசமா நான் நெலாவப் பாத்து பயந்துனு கெடக்கறேன்" என்றாள். தம்பி என்னைப் பார்த்தான். "இத்தினி நாளா இது சோம்பல் இல்லியாக்கா?" என்றான். எழுந்து போய்த் தீய்ந்த தோசையை எடுத்து அவனே சாப்பிட்டான்.

பாப்பாவுக்குக் கால் மாத்திரை. எனக்கு அரை, பிறகு ஒன்று. நான்காம் நாள் காலையில் பாப்பா கட்டிலிலிருந்து இறங்கினாள். இறங்கினவள் நின்று, குனிந்து தன் காலைப் பார்த்தாள். "அம்மா, தரை சில்லுனு இருக்கு" என்றாள். குதிகாலுக்குத் தரையின் குளிர்ச்சி தெரிந்தது அன்றுதான்.

என் கதை அன்று சாயங்காலம். மூன்று மணிக்கு வழக்கம் போல் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். நான்கானது. ஐந்தானது. நாற்பது வருடமாகத் தவறாமல் வந்த விருந்தாளி வரவில்லை. ஐந்தரைக்கு எழுந்து பார்த்தேன். நின்றேன். கூடத்தில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தேன். பாப்பா என் பின்னாலேயே வந்தாள்.

"அத்தை, இப்டி வச்சுப் பாரு" என்று குதிகாலைத் தரையில் ஓங்கி வைத்தாள். திம் என்றது. நானும் வைத்தேன். என்னுடையது இன்னும் பலமாகக் கேட்டது. அவளுக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு காலாலும் குதித்தாள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் மதாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து வாசலில் மூச்சு வாங்கினார். தம்பி மனைவி ஓடிப்போய் நின்றாள்.

"மேல யார் அது திம் திம்னு குதிக்கிறது?"

"எங்க பாப்பாதான் மதாம்."

"பாப்பாவா?" மதாம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கோபம் எங்கோ போய்விட்டது. ஆனாலும் அவர் கணக்கு விடுகிறவர் இல்லை. "ரெண்டு பேரு சத்தம் கேட்டுதே."

"இன்னொண்ணு எங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி.