எங்களை விட்டுவிட்டதாக ஒரு கடிதம்

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கை மலையகத்து அட்டன் டவுனில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் மாணவர் சேவைக் கழகம் என்று ஒன்று இருந்தது. அதில் சேராதவனை மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். வியாழக்கிழமைகளில் கடைசிப் பாடம் முடிந்ததும் நெஞ்சில் கை வைத்து ஆங்கிலத்தில் ஓர் உறுதிமொழி சொல்வோம். உண்மையே பேசுவேன், நேர்மையாக நடப்பேன், எளியவர்க்கு என்னையே தருவேன் என்று அதற்கு அர்த்தம். சொல்லி முடித்த கையோடு பெட்டீஸ் வரும். கழகத் தலைவனின் அப்பா டவுனில் பேக்கரி வைத்திருந்தார். என்னைக் கேட்டால் அந்தக் கழகத்தில் உருப்படியாக இருந்தது அந்தப் பெட்டீஸ் மட்டும்தான்.

நான் அதற்குச் செயலாளர். டயகம பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருகிற தேயிலைத் தோட்டத்துப் பெண் பிள்ளைக்கு அந்தப் பதவியா என்று கேட்கலாம். என் கையெழுத்து அழகாக இருக்கும். அத்தோடு, "தோட்டப் பிள்ளை ஒண்டும் கமிட்டியில இருந்தால் பார்க்க நல்லாயிருக்கும்" என்று பொறுப்பாசிரியர் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தவர், விஞ்ஞானம் படிப்பித்தார். வகுப்பில் ஒரு பிள்ளையையும் அடிக்காத நல்ல மனுஷன். ஆனால் போட்டி என்ற சொல் காதில் விழுந்தால் ஆளே மாறிவிடுவார்.

போட்டி வருடா வருடம் நடக்கும். எந்தப் பள்ளிக்கூடத்துக் கழகம் அதிகமாகச் சேவை செய்து கிழித்தது என்று பார்க்க கொழும்பிலிருந்து நடுவர் வருவார். முந்தைய வருடம் எங்களுக்கு இரண்டாமிடம். அந்த அவமானத்தைத் துடைக்கத் தலைவன் ஒரு யோசனையோடு வந்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயத்தைத் தத்தெடுக்க வேண்டும்.

"லயத்தையா? அது என்ன நாய்க்குட்டியா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டக் குறிப்பில் அதை எழுத வேண்டாம் என்றார் ஆசிரியர்.

எந்த லயம் என்பதை முடிவு செய்ய வெகு நேரம் ஆகவில்லை. எந்த லயம் அதிகம் ஒழுகுகிறது, எதில் தண்ணீர் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. பெரிய ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், வேன் வாசல் வரை போக வேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை. லிந்துலைப் பக்கம் போகிற ரோட்டின் முடக்கில் அப்படி ஒரு லயம் இருப்பதைத் தலைவன் பார்த்து வைத்திருந்தான். பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஆளுக்கொரு காம்பரா என்று ஒற்றை அறையில் இருக்கிற பழைய லயம். அதில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அதைச் சொன்னேன். "வாவ்! அப்ப நீயே ஒரு பயனாளி!" என்று தலைவன் கையைத் தட்டினான்.

தோட்டம் கம்பனியின் கைக்கு வந்த புதிது. ஆசிரியரும் தலைவனும் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் பங்களாவுக்குப் போய்த் தேநீர் குடித்து அனுமதி வாங்கி வந்தார்கள். யாரோ தன் செலவில் வெள்ளையடித்துத் தருகிறார்கள் என்றால் துரைக்குக் கசக்குமா? லயத்தில் இருந்த எங்களை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இரண்டு வேன்களில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை பெனியன். ரோட்டைப் பார்த்த முன் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தார்கள். பின் சுவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வாசலில் அம்மா போட்டிருந்த முட்டைக்கோவாப் பாத்தியைப் பிடுங்கிவிட்டு அங்கே டேலியாக் கிழங்கு நட்டார்கள். கோவா இன்னும் இரண்டு வாரத்தில் வெட்டுகிற பருவத்தில் இருந்தது. பிடுங்கியதை அடுக்கி, "ஆன்ட்டி, இத சமைச்சுக்கலாம்" என்று அம்மா கையிலேயே கொடுத்தாள் ஒரு பெண். பெரிய மனசு! பிறகு மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்களை நிற்க வைத்துச் சுத்தம், சிக்கனம், ஒழுக்கம் ஆகிய மூன்றையும் பற்றித் தலைவன் பேசினான். அதிகாலையில் எழ வேண்டும் என்று வேறு சொன்னான். இருட்டோடு எழுந்து ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு ஓடுகிறவர்களிடம் இதைச் சொல்கிறோமே என்று அவனுக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை. பேச்சு முடிந்ததும் எல்லோரும் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

கடைசியில் போர்டு நட்டார்கள். 'இந்த லயம் எமது கழகத்தால் தத்தெடுக்கப்பட்டுள்ளது' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. ஆங்கிலம் பெரிதாக, தமிழ் அடியில் பொடியாக இருந்தது.

அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையிலிருந்து வந்து கத்தியைக் கூட வைக்காமல் அதன் முன்னால் நின்றார். என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"தத்தெடுத்துட்டாங்களா? ஏன், நமக்கு ஆத்தா அப்பன் இல்லியாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதன் பிறகு அவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. டேலியா கூட முளைக்கவில்லை.

ஆடி மாதத்தில் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் காம்பராவுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து வீட்டுக்கு அழைத்து வந்த வாரமே காற்று பிடித்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூரைத் தகரத்தின் மேல் நாங்கள் கல் அடுக்கி வைப்பது அழகுக்கு அல்ல. அந்தத் தடவை கல்லோடு சேர்த்து எங்கள் தலைக்கு மேலிருந்த தகரங்களைத் தூக்கிக் கொண்டு போய்த் தேயிலைக்குள் போட்டது. மழை நேராகக் கட்டிலில் இறங்கியது. அப்பா கூரைக்குப் பதிலாகப் படங்குச் சீலையைக் கட்டினார், காற்று அதையும் கிழித்தது. அடுப்படியின் ஒரு மூலைதான் காய்ந்த இடமாக மிஞ்சியது. அங்கே புகைக்குள் அக்கா பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு இருமல் தொடங்கியது. அந்தச் சின்ன நெஞ்சு இழுக்கிற சத்தத்தை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

அப்பா தோட்டத்து ஆபீசுக்கு ஓடினார். தகரம் போட்டுத் தர வேண்டியது தோட்டத்தின் பொறுப்பு, எந்தக் காலத்திலும் அப்படித்தான். ஆனால் இந்தத் தடவை துரைக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்திருந்தது. கிளாக்கர் அதை அப்படியே அப்பாவிடம் சொன்னார்.

"ஒங்க லயத்ததான் ஸ்கூல் புள்ளைங்க எடுத்துட்டாங்களே. போர்டு போட்டிருக்குல்ல? அவங்கதான் செய்யணும்னு தொர சொல்றாரு. அவங்க விட்டுட்டோம்னு ஒரு கடுதாசி குடுக்கச் சொல்லு, அடுத்த நாளே தகரம் வரும்."

தகரம் ஸ்டோரில் அடுக்கிக் கிடந்தது, அப்பா கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. நாங்கள் நெஞ்சில் கை வைத்து உண்மையே பேசுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா வகுப்பறை வாசலில் வந்து நின்றார். பெரட்டுக்குப் போகிற அதே பழைய கோட்டு, சாரம், தோளில் அந்தப் போர்டு. லயத்து முன்னால் இருந்து பிடுங்கி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டு வந்துவிட்டார். உறுதிமொழி பாதியில் நின்றது.

"சார், இது ஒங்களோடது. கொண்டாந்துட்டேன்" என்று போர்டைச் சுவரில் சாய்த்தார். "எங்கள விட்டுட்டதா ஒரு கடுதாசி மட்டும் குடுங்க. பச்சப் புள்ள நனையுது."

ஆசிரியர் அப்பாவைக் கதிரையில் இருக்கச் சொன்னார். அப்பா இருக்கவில்லை.

"ஐயா, உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது. ஆனால் இப்ப கைவிட்டிட்டம் எண்டு எழுதிக் குடுத்தால் இந்தப் பிள்ளையளின்ர உழைப்பெல்லாம் வீணாப் போயிடும். இந்த மாசக் கடைசியில நடுவர் வாறார். அது முடியட்டும், அடுத்த நாளே கடிதம் தாறன். கொஞ்சம் பொறுங்கோ."

"புள்ள பொறுக்குமாங்க சார்?"

தலைவன் எழுந்து, "அங்கிள், நாங்க எல்லாரும் உங்க பேபிக்காகப் பிரே பண்றோம்" என்றான். உண்மையாகவே பண்ணினார்கள். எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். பிரார்த்தனை முடிந்ததும், ஒழுகுகிற இடத்தில் வைப்பதற்குக் கழகத்தின் சார்பில் ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுப்பதாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதைக் குறித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார்கள். அப்பா அதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். அவர் அழுதாரா என்று தெரியாது, எனக்குக் கண் எரிந்தது.

நான் அந்த வாளியைக் குறிக்கவில்லை. கழகத்துக் கடிதத் தாளும் இறப்பர் முத்திரையும் செயலாளர் பையில்தான் இருக்கும். ஒரு தாளை எடுத்து என் அழகான கையெழுத்தில் எழுதினேன். 'எமது கழகம் தத்தெடுத்திருந்த லயத்தை முற்றாகக் கைவிட்டுவிட்டது என்பதை இத்தால் அறியத் தருகிறோம்.' கீழே என் சொந்தக் கையெழுத்தைப் போட்டேன். முத்திரையை நன்றாக அழுத்திக் குத்தினேன். அந்தக் கழகத்தின் பெயரில் வெளியே போன தாள்களில் பொய் கலக்காத தாள் அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பா அதை ஆபீசுக்குக் கொண்டு போனார். கிளாக்கர் கடிதத்தை வாங்கிக் கோப்பில் போட்டார். சொன்னபடி மறுநாள் புதுத் தகரம் வந்தது. ஒரு தாளுக்காக ஒரு பச்சைப் பிள்ளையை நனைய விட்ட துரையும் லேசுப்பட்டவர் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தை ஒரு பக்கமாகவே கொட்டியதாக இருக்கக் கூடாது. மழை வெளியே நின்றது. அக்கா கட்டிலுக்கு வந்தாள். பிள்ளையின் இருமல் மெல்ல மெல்ல இறங்கியது.

விஷயம் தலைவனின் காதுக்கு எட்டியது. அடுத்த கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தினார்கள்.

"கைவிட்டோம்னு பொய் எழுதியிருக்க. நாங்க எப்ப கைவிட்டோம்?"

"வெள்ளையடிச்ச பொறகு ஒரு தடவையாவது வந்தீங்களா?"

"வரணும்னு இல்ல. அது மனசால தத்தெடுத்தது."

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பும் குற்றப் பட்டியலில் சேர்ந்தது. உண்மை பேசும் உறுதிமொழியை மீறியதற்காக என்னைக் கழகத்திலிருந்து நீக்குவதாகத் தலைவன் வாசித்தான். எல்லோரும் கை தூக்கினார்கள். என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற ஒருத்தியும் தூக்கினாள், பாதி மட்டும். சட்டையில் குத்தியிருந்த சின்னத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்குப் பெட்டீஸ் கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு வருத்தம் எனக்கு இல்லை.

மாதக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை நடுவர் வந்தார். கோட்டும் டையுமாக வெள்ளைத் தலைமுடிக்காரர், ஆங்கிலம்தான் பேசினார். அதற்கு முன்பே விடியற்காலையில் இரண்டு பையன்கள் வந்து போர்டைப் பழைய இடத்தில் நட்டுவிட்டார்கள். நான் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தலைவன் சுவரைக் காட்டினான், வாசலைக் காட்டினான். காட்ட இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று தேடியவன் கண்ணில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்த புதுத் தகரம் பட்டது. ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. அதையும் காட்டினான். நடுவர் தலையை நிமிர்த்திப் பார்த்து, வெகுவாக மெச்சிக்கொண்டார்.

நடுவருக்கு அந்த வீட்டுப் பெண்ணிடமே கேட்க வேண்டும் போலிருந்தது. அக்காவைக் காட்டிக் கேட்டார். ஆசிரியர் தமிழில் சொன்னார்.

"பிள்ளை, இந்தக் கூரையைப் பற்றி ஐயாவுக்குச் சொல்லுங்கோ."

அக்காவுக்குச் சூதுவாது தெரியாது. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளதைச் சொன்னாள்.

"இவங்க எங்கள விட்டுட்டதா எழுதிக் குடுத்தாங்க. அதுக்குப் பொறகுதாங்க தோட்டத்துல கூர போட்டாங்க. இல்லாட்டி இந்தப் புள்ள எனக்குத் தங்கியிருக்காதுங்க."

ஆசிரியர் தொண்டையைச் செருமினார். பிறகு ஆங்கிலத்தில், இந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் தன் குழந்தை பிழைத்திருக்காது என்று தாய் நன்றியோடு சொல்கிறாள் என்றார். நெஞ்சில் கை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னால் தாங்க முடியவில்லை. முன்னால் வந்து, "நோ சார், ஷி டிட் நாட் சே தட்" என்று சத்தமாகச் சொன்னேன்.

நடுவரின் முகம் மலர்ந்தது. இந்தப் பிள்ளை இந்த லயமா என்று ஆசிரியரிடம் கேட்டார். ஆமாம், எங்கள் கழகத்தில் இருந்தவள்தான் என்றார் ஆசிரியர். "வெரி குட் இங்கிலீஷ்! வெரி குட்!" என்று என் முதுகில் தட்டிக் கொடுத்து, தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள் என்று தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். தலைவனும் தட்டினான். முதலிடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

நடுவர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, அக்காவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கண் கலங்க வேனில் ஏறினார். வேன் முடக்கில் திரும்பும் வரை அக்கா மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி, நான் அப்படி என்னா சொல்லிப்புட்டேன்னு அந்தப் பெரியவரு அழுவுறாரு?"