எல்லை தாண்டி வந்த டேப் மெஷின்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாசம். அப்போ நாங்க இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியாச்சு. பிள்ளைகளே, கம்பம் ஊன்றிவிட்டால் கூத்தை நடத்தியே தீரணும். காப்பு கட்டி ஆடுறவங்க அது முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

பாட்டெல்லாம் தெரிந்த கூத்து வாத்தியார் முந்தின வருஷம்தான் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். போகுமுன் எல்லாவற்றையும் கோயில் டேப் மெஷினில் பாடி வைத்திருந்தார். ரெண்டு சக்கரத்தில் நாடா சுற்றும் பழைய மெஷின் அது. சத்தம் குறைந்துபோனதால், ஹட்டன் டவுன் கடையில் அதைக் கொடுத்துப் பெரிய மெஷினாக மாற்றிவரக் கோயில் தலைவரும் நானும் போனோம். கடைக்காரர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார், கடையே அதிர்ந்தது. எங்க நாடா சாமிப் பெட்டியில் இருந்தது. அதில் வைத்ததைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோகிற வழக்கமில்லை. அதனால் போட்டுப் பார்க்காமலே வந்துவிட்டோம்.

சாயந்தரம் கோயிலில் நாடாவை மாட்டினால், வாத்தியாரின் கனத்த குரல் குருவி கத்துவது போலக் கீச்சுக்கீச்சென்று ஓடுது. பழையது மெதுவாகச் சுற்றும், புதுசுக்கு வேகம் மட்டும்தான் தெரியும் என்பது அப்போதுதான் புரிந்தது.

ரதி வேஷம் கட்டுறவர் சொன்னார்: "ஏண்ணே, இந்த வேகத்துல போனா மன்மதன் எரியிறதுக்கு முன்னாடியே ரதி அழுது முடிச்சிருவா."

யாரும் சிரிக்கவில்லை. ரதி புலம்பல் அவருக்குப் பாதிதான் பாடம்.

விடிந்ததும் ஹட்டனுக்கு ஓடினேன். பழைய மெஷினை நுவரெலியா பேக்கரி முதலாளி ஒருத்தர் வாங்கிப் போயிருந்தார். சிங்களவர். அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். சீட் காலியாக இருந்தும் உட்கார முடியவில்லை, கம்பியைப் பிடித்து நின்றபடியே போனேன்.

பாதி சிங்களம், பாதி தமிழில் கதையைச் சொன்னேன். முதலாளி முடியாதென்று தலையாட்டினார். "மெஷின் குடுக்க ஏலாது. மக அதுலதான் பாட்டு பிடிச்சு வச்சிருக்கு. பாடுற ஆளை இங்க கூட்டிட்டு வாங்க."

காப்பு கட்டினவர் எல்லை தாண்ட முடியாது, நாடாவும் வெளியே வராது என்றேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கினார்.

"அப்ப நான்தானே வரணும்."

வழியெல்லாம் மெஷின் அவர் மடியில்தான் இருந்தது. என்னைத் தொடவிடவில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாடாவை மாட்டினார். வாத்தியார் பழையபடி கனத்த குரலில் பாடினார். ரதி வேஷக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே முணுமுணுத்தார்.

புது மெஷினின் மைக்கை எதிரே வைத்து எல்லாவற்றையும் மறுபடி பிடித்துக்கொள்ளச் சொன்னதும் முதலாளிதான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, புலம்பலுக்கு நடுவே ஒரு நாய் குரைத்தது. நாங்க பதறினோம். அவர் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும், "நாயும் அழுதுட்டுப் போகட்டும்" என்றார்.

அந்த வருஷக் கூத்து குறையில்லாமல் நடந்தது.

இன்றைக்கும் வீட்டுக்கு எது புதுசாக வாங்கினாலும், இருப்பதோடு அது ஒத்துப்போகுதா என்று பார்த்த பிறகுதான் பழசைக் கைவிடுகிறேன். ஆனால் அன்றைக்குப் பிடித்த நாடாவைப் போட்டு, புலம்பலுக்கு நடுவே அந்த நாய் குரைக்கும்போதெல்லாம், எங்களால் தாண்ட முடியாத எல்லையை எங்களுக்காகத் தாண்டி வந்த மனுஷன்தான் கண்முன் நிற்கிறார்.