மழை நிரப்பாத குட்டை

புனே பக்கம் ஆகுர்டியில் நான் வேலை பார்க்கும் வண்டித் தொழிற்சாலை, சமூக சேவை என்று ஒரு வறண்ட கிராமத்தைத் தத்தெடுத்தது. புனேயிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போய், மழைத்தண்ணீர் ஓடிவிடாமல் மேட்டுச் சரிவின் குறுக்கே நீளக் குழிகள் வெட்ட வேண்டும். நான் விருதுநகர்ப் பக்கத்து மானாவாரிக் குடும்பத்தில் பிறந்தவன். வானத்தைப் பார்த்துப் பிழைக்கக் கூடாது என்றுதான் ஐ.டி.ஐ. படித்து இங்கே ஓடி வந்தேன். "உனக்கு மண்ணைப் பத்தித் தெரியும்" என்று அதிகாரி என்னையே மேற்பார்வைக்குப் போட்டார். பெருமையாகத்தான் இருந்தது.

சரிவின் அடியில் ஓர் அம்மாவுக்கு இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும் இருந்தன. கணவர் இறந்துவிட்டார். மழைக்காலத்தில் கம்பு விதைப்பார். மற்ற மாதங்களில் நிலம் சும்மா கிடக்கும். யாரும் கூப்பிடாமலே அவர் மண்வெட்டியோடு வந்து ஒவ்வொரு வாரமும் எங்களோடு வெட்டினார். என்னை "தாதா" என்று கூப்பிடுவார். மராத்தியில் அண்ணன்.

அந்த வருஷம் மழை குறைவு. இருந்தும் குழிகளில் தண்ணீர் நின்று, மண்ணுக்குள் இறங்கியது. அவர் கிணற்றில் நாலு படி முங்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியது.

"தாதா, கொண்டைக்கடலை போடலாமா? இதுவரைக்கும் போட்டதே இல்ல."

"தண்ணி இருக்கு. தைரியமா போடுங்க" என்றேன்.

அந்த மழைக்காலத் தொடக்கத்திலேயே சரிவின் இன்னொரு பக்கம் மாதுளைத் தோட்டம் வைத்திருந்த பெரிய விவசாயிக்கு எங்கள் கம்பெனி பண்ணைக்குட்டை வெட்டிக் கொடுத்தது. அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்த பெரிய குட்டை. இடம் பார்த்து அளந்து குறித்தவன் நான். வழிந்தோடும் மழைநீரை மட்டுமே அதில் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. மழை சீக்கிரமே நின்றுவிட்டதால் முழங்கால் அளவுகூடச் சேரவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தேன். போர்க் குழாயிலிருந்து தண்ணீர் குட்டைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

"பெரிய சாஹேப் வர்றார். காலிக் குட்டையையா காட்டறது?" என்று தோட்டத்துக்குச் சொந்தக்காரர் சிரித்தார்.

மழைநீரால் நிரம்பியது என்று ஏற்கெனவே அச்சடித்திருந்த தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருந்திருந்தால் வேறொருவன் போட்டிருப்பான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் போட்டது நான். மறுநாள் மேடையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்த அம்மா கீழே உட்கார்ந்து கை தட்டினார். விழா முடிந்ததும் பக்கத்தில் வந்து கேட்டார்:

"நம்ம ஊர்ல பெய்யாத மழை இந்தக் குட்டைக்கு மட்டும் எப்படி தாதா பெஞ்சுது?"

பஸ் கிளம்புகிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

விழாவோடு மோட்டார் நிற்கவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து மண்ணுக்குள் இறக்கிய தண்ணீரை அது குளிர்காலம் முழுக்க மேலே இழுத்தது. ஷீட் போட்ட குட்டையிலிருந்து ஒரு சொட்டும் திரும்ப மண்ணுக்குப் போகாது. கடலை பூக்கும் நேரத்தில் அந்த அம்மா போன் செய்தார். போனேன். கிணற்றின் அடியில் சேறு தெரிந்தது. செடிகள் பூவோடு காய்ந்து நின்றன. அவர் திட்டவில்லை. ஒரு செடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"உங்க பேச்ச நம்பிப் போட்டேன்."

தோட்டக்காரரிடம் போய்க் கேட்டேன். "என் நிலம், என் போர்" என்றார். அதிகாரியிடம் சொன்னேன். "ப்ராஜெக்ட் முடிஞ்சாச்சு. போட்டோவும் வந்தாச்சு. இப்ப ஏன் கிளறுற?" என்றார்.

என் மனைவி புனேயிலேயே, கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள்; பேச்சில் இந்தி கலந்துவிடும். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அவங்க ரெண்டு பேரையும் சோடோ, விடுங்க. அந்தக் காகஜ்ல சைன் யாரு போட்டாங்க?" என்றாள்.

"நான்தான்."

"அப்ப ஜாக்கே, நேர்ல போய்ச் சொல்லுங்க, பொய்னு எழுதிக் குடுங்க."

எழுதினேன். இரண்டு வாரம் பையிலேயே வைத்திருந்து, கேன்டீனுக்குப் பின்னால் கிழித்துப் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. அதிகாரியின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்பதுதான்.

காய்ந்த கடலைச் செடிகளை அந்த அம்மா ஆடுகளுக்குப் போட்டார். கோடையில் அந்த மாதுளைத் தோட்டத்துக்கே கூலிக்குப் போனார். அதைக்கூட வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

அடுத்த வருஷம் கம்பெனி இன்னொரு கிராமத்தைத் தத்தெடுத்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டார். முதுகுவலி என்று சொன்னேன்.

"சரி, ரெஸ்ட் எடு" என்று என் தோளில் தட்டினார். என் இடத்துக்கு அசெம்ப்ளி பிரிவிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். குட்டைக்கு எப்படி இடம் பார்ப்பது என்று அவர் என்னிடம் வந்து கேட்டார். அதைச் சொல்லிக் கொடுத்தேன். வேறு எதையும் சொல்லவில்லை.