சந்தனம் பட்ட ரயில்

மெர்கோங்கில் உள்ள எங்கள் வீட்டில் என் கணவர் மேசை மேல் ஓட்டும் மாதிரி ரயிலின் இன்ஜின், தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அந்தச் சின்ன அளவில் ரயில் செய்பவர்கள் இப்போது குறைந்து வருகிறார்கள். ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். சந்தனம் சக்கரத்தில் இறங்கி இறுகி, இன்ஜின் ஓடாமல் நின்றுவிட்டது.

பதறிப்போய், ரயிலை விற்ற அலோர் ஸ்டார் கடைக்காரருக்குப் போன் செய்தேன். “அந்த சைஸ் இனிமே வருமான்னே தெரியல லா, அக்கா. எல்லாத்தையும் வித்துட்டு பெரிய சைஸுக்கு மாறிடுங்க.”

“நல்லவேளை, கார் டயருக்கு வைக்கிற மாதிரி இதுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கல!” என்று கணவர் சிரித்தார். பிறகு மெதுவாக, “வித்துடலாமா?” என்றார்.

எங்கள் பாப்பாவுக்குக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை நனைத்து, ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்தேன். காய்ந்ததும் தண்டவாளத்தில் வைத்தோம். ஓடியது.

“விக்க வேணாங்க. புதுசு வராட்டி, இருக்கிறத நாமளே பாத்துக்குவோம்.”

எதையும் பத்துத் தடவை யோசிப்பவள் நான். அன்று சொன்னதை மட்டும் இதுவரை மறுபடி யோசிக்கவில்லை.